கோபிநாத்த ஏன் சார் சாவடிச்சீங்க?

அய்யோ, கம்ப்யூட்டரு நல்லாதான் சார் ஓடுது. கரண்டும் இருக்குது. நான்தான் அடிக்கல. பதினேழு அத்தியாயம் அடிச்சு, திருத்தி, பக்கம் கட்டி வெச்சாச்சு. பதினெட்டுல மட்டும் கை வெக்கல, வெக்கவும் மாட்டேன். உக்காருங்க, சொல்றேன். அதுல வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடும், போன வாரம் ஒரு கவிஞர் உழுந்து எழுந்தாரு. தோ, இதுல உக்காருங்க.

தெரியும் சார், ஞாயித்துக்கெழம வெளியீடு. அழைப்பிதழே நான்தானே அடிச்சுக் குடுத்தேன், எழுத்தாளர் தெய்வசிகாமணின்னு இத்தாம் பெரிய எழுத்துல. பிரஸ்காரன் காலைலேருந்து மூணு தடவ போன் பண்ணிட்டான். இன்னிக்குள்ள ஃபைல் வரலன்னா மிஷின்ல வேற வேல ஏத்திடுவானாம். ஏத்தட்டும். நீங்க அந்தக் கோபிநாத்த ஏன் சார் சாவடிச்சீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க.

கோவிச்சுக்காதீங்க. நீங்க முப்பத்தஞ்சு வருசம் வாத்தியாரா இருந்தவரு, அதுல எட்டு வருசம் எட்மாஸ்டரு. நான் பன்னண்டாங்கிளாஸே ரெண்டாவது தடவ எழுதி பாஸ் பண்ணவ. டைப் அடிக்கிறவளுக்கு எதுக்குடா இந்த வேலன்னு நெனைக்கிறீங்க, மூஞ்சிலயே தெரியுது. ஆனா இந்த சாரம் ஏரியாவுல பூர்ணிமா டிடிபின்னு போர்டு மாட்டி பதினாலு வருசம் ஆவுது சார். போதையில சீரழியிற மாணவன் கதன்னு எழுதிக்கினு வந்தவங்கள்ல நீங்க ஆறாவது ஆளு. ஆறையும் நான்தான் அடிச்சேன். ஆறு கதைலயும் ஒரே பையன்தான் சார். பேர மட்டும் மாத்திக்கினு வர்றான்.

மொத அத்தியாயத்துல கிளாஸ் ஃபர்ஸ்ட் வருவான். ரெண்டாவதுல ஒரு கெட்ட சிநேகிதன் வந்து தோள்ல கை போடுவான். மூணாவதுல ஒரே ஒரு இழுப்பு, அவ்ளோதான், கண்ணு ரெண்டும் செவந்துடும். நாலாவதுல கண்ணாடிய ஒடைப்பான். எதுக்கு சார் எல்லாரும் கண்ணாடியவே ஒடைக்கிறானுங்க? வீட்ல வேற சாமானே கெடயாதா? அம்மாக்காரி பூஜ ரூம்ல மயங்கி உழுவா. அப்பனுக்கு நெஞ்சு வலி வரும். தங்கச்சின்னு ஒருத்தி இருப்பா, அவளுக்கு அழறதத் தவிர ஒரு வேலயும் இல்ல. பொம்பளப் புள்ளன்னா ஓரமா நின்னு அழறதுக்குத்தான் உங்க எல்லாருக்கும். உங்க கோபிநாத்தும் கண்ணாடி ஒடைக்கிறான், பக்கம் நாப்பத்தொண்ணு. அடிக்கும்போதே தலைல அடிச்சுக்கினேன்.

எடமும் அப்பிடித்தான். சாரத்துல, மொதலியார்பேட்டைல, முத்தியால்பேட்டைல எவனும் கெட்டுப்போவ மாட்டான் போல. எல்லாருக்கும் ஒயிட் டவுனுதான் வேணும். மஞ்சச் செவுரு, காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதவு, அதுக்குப் பின்னால ஒரு வெள்ளக்காரன் பொட்டலத்த வெச்சுக்கினு நிப்பான். அந்தக் கதவுக்கே நீங்க ஒன்ற பக்கம் எழுதியிருக்கீங்க சார், பையன் படுற பாட்டுக்கு அர பக்கம். இங்க டியூஷன் சென்டர் மாடிப்படிலதான் எல்லாம் நடக்குது. ஜெராக்ஸ் கட வாசல்ல நடக்குது. என் கட வாசல்லன்னே வெச்சுக்குங்க.

கெடுக்கறவன் யாருன்னு பாத்தா குருசுக்குப்பத்துப் பையனாம். மீன் வாட அடிக்கிற சட்டயாம், கழுத்துல கறுப்புக் கயிறாம், பேரு கொளஞ்சியாம். குப்பத்துல எவன் சார் கொளஞ்சின்னு பேரு வெக்கிறான்? அது விருத்தாசலம் பக்கத்துப் பேரு. சரி, அத உடுங்க. அந்தப் புள்ளங்க அப்பனோட கரைல நின்னு வல பிரிச்சுக் குடுத்துட்டு, தல கூட வாராம பள்ளிக்கூடத்துக்கு ஓடுதுங்க. உங்களுக்கு வில்லன் வேணும்னா மட்டும் அதுங்க ஞாபகம் வருதா? புரூஃப்ல அந்த எடத்துல பென்சில்ல எழுதியிருந்துச்சே, பாத்தீங்களா? நோட்டு குடுத்து ஒதவுறவன்தான் இதையும் குடுப்பான், ஃபர்ஸ்ட் பெஞ்சா கூட இருப்பான்னு.

ஆமா, அதே பென்சில்தான். போன தடவயே கேட்டீங்க, புரூஃப் பாக்குறவரு டாக்டரா, காலேஜ் புரொபசரா, ரொம்ப விவரமான ஆளா இருக்காரே, முன்னுரைல நன்றி போடணும்னு. சொல்றேன், எங்க ஓடிப்போறேன். டீ குடிங்க மொதல்ல, ஆறிப்போவுது.

அறுபத்தி மூணாம் பக்கத்துல ஒண்ணு எழுதியிருந்துச்சே, அத நீங்க கண்டுக்கவே இல்ல. நீங்க எழுதுனது, அவன் கைகள் நடுங்கின, தாயை வெறுப்புடன் பார்த்தான். பென்சில் என்னா சொல்லுது? அப்பிடி இருக்காது, அன்னிக்குதான் அம்மாகிட்ட ரொம்ப அன்பா இருப்பான். இதப் படிச்சுட்டு, சுவைக்காக எழுதினேம்மா, இருக்கட்டும்னு போயிட்டீங்க. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல சார். உங்க புத்தகத்த வாங்குற அம்மாக்காரி கண்ணு செவக்குதா, கண்ணாடி ஒடையுதான்னு பாத்துக்கினு உக்காந்திருப்பா. அங்க புள்ள பாத்திரம் வெளக்கிக் குடுக்கும். நீ ஒரே அலைச்சல்மா, நீ படு, நான் துணி மடிக்கிறேன்னு சொல்லும். இந்த மக்கு எதுர்வூட்டு அஞ்சலாட்சிகிட்ட போயி, எம்புள்ள மாதிரி வருமாக்கான்னு பெருமயடிச்சுக்கினு நிக்கும். ஆறு புத்தகம் அடிச்சிருக்குது, ஒண்ணும் தெரியாது அதுக்கு.

சரி, பதினெட்டுக்கு வர்றேன். ஆசுபத்திரில கோபிநாத் படுத்திருக்கான். மூஞ்சில ஆக்சிஜன் மாட்டியிருக்கு. நீங்கதான் எழுதியிருக்கீங்க, மாட்டியிருக்குன்னு. மாட்டிக்கினு அவன் ஒன்ற பக்கம் வசனம் பேசுறான்! மாணவர்களே, என் வாழ்க்கை உங்களுக்குப் பாடமாகட்டும்னு. நர்சு எங்க சார் போனா? ஒரு வார்த்த, ஏன்டா தம்பி கம்முனு படுன்னு சொல்ல ஆளில்லையா அந்த ஆசுபத்திரில? எங்க மாமியாருக்கு அத மாட்டுனப்ப தண்ணி வேணும்னு கேக்கவே கையதான் காட்டுச்சு. இவன் என்னடான்னா மேடப் பேச்சு பேசி முடிச்சு, அம்மா கையப் புடிச்சு, சரியா கடைசி வரில சாவுறான்.

சிரிக்கிறீங்க இல்ல? சிரிங்க, தப்பில்ல. அப்ப மாத்திடலாமா?

முடியாதா. ஏன்?

பயம் வரணுமா. நல்லா இருக்கு சார் நாயம். யாருக்கு வரணும் பயம்? இன்னும் தொடாத புள்ளைக்கு வரட்டும், நான் வேணான்னு சொல்லல. தொட்டுட்டு, நாயா பேயா கஷ்டப்பட்டு திரும்பி வந்த புள்ள படிச்சா? அதுக்கு என்னா சொல்லுது உங்க புத்தகம்? உனுக்குக் கடைசி அத்தியாயம் இதான்னா?

நான் அடிச்ச ஆறுல, உங்களுத சேத்து நாலு பேரு செத்தாச்சு. ஒருத்தனுக்குப் பைத்தியம். ஒருத்தன் திருந்தி, வெள்ளச் சட்ட போட்டுக்கினு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போயி பேசுறான். நடுவுல ஒருத்தனும் இல்ல சார். செவ்வாக்கெழம மருந்து வாங்கிக்கினு, புதன்கெழம கணக்கு டியூஷன் போயி, வியாழக்கெழம காரணமே இல்லாம சோத்துத் தட்டத் தள்ளி உட்டு, வெள்ளிக்கெழம மன்னிச்சுக்கோம்மான்னு தோச கேக்குற புள்ள ஒண்ணு கூட ஒரு புத்தகத்துலயும் இல்ல. அது மாதிரி இருக்கறதுங்கதான் சார் நெறய. அதுங்க மேல எவனுக்கும் நாவல் எழுத வரல.

அது மாதிரி புள்ளங்க கதப் புத்தகம் படிக்காதுன்னு நீங்களா சொன்னா எப்பிடி. படிக்கும் சார். கோபிநாத்து கதைய ஒரு எழுத்து உடாம படிச்சிருக்குது, அதுவும் சத்தமா.

உங்க கையெழுத்து இருக்கே, தப்பா நெனைக்காதீங்க, கோழி கிளறின மாதிரி இருக்கு. நானே பாத்து நானே திருத்துனா தப்பு நின்னுடும். ஒருத்தர் உங்க தாளப் பாத்து வாய் உட்டுப் படிக்கணும், நான் ஸ்க்ரீன்ல பாத்துக்கினே வருவேன். எப்பவும் எங்க வூட்டுக்காரரு படிப்பாரு. இப்ப அவருக்கு சேதராப்பட்டு கம்பெனில ஷிப்டு மாத்திட்டாங்க. அதனால துர்காதான் படிக்குது. என் பொண்ணு சார், பாத்திருக்கீங்க, மூக்குக்கண்ணாடி போட்டுக்கினு உங்களுக்கு டீ கொண்டாந்து குடுத்துச்சே. நல்லா படிக்கணும்மான்னு தலைல கூட கை வெச்சீங்க. பதினேழு வயசு முடிஞ்சுது போன மாசம்.

ஆமா. பென்சிலு அதுதான். டாக்டரும் இல்ல, புரொபசரும் இல்ல.

அதுக்கு எப்பிடித் தெரியும்னா... எப்பிடி சார் தெரியும்? தெரியும். அந்தச் சனியன அது தொடாம இன்னியோட தொண்ணூத்தாறு நாளு ஆவுது. தெனமும் நான் எண்றேன், அதுவும் எண்ணுது, ரெண்டு பேரும் எண்ணாத மாதிரி இருக்கோம். எதுர்வூட்டு அஞ்சலாட்சிகிட்ட பெருமயடிச்ச மக்கு யாருன்னு இப்பத் தெரியுதா? ஒன்ற வருசம் சார். கூடவே இருந்தேன், ஒரே பாயில படுத்தேன், எனுக்குத் தெரியல. கண்ணு செவக்குமான்னு பாத்துக்கினே இருந்தேன். எனுக்கு உங்க ஆறு பேரு மேலயும் அவ்ளோ ஆத்திரம், என் மேல அதவிட ஆத்திரம்.

இல்ல, அழல. தூசி. நீங்க உக்காருங்க.

ஆசுபத்திரிலேருந்து வந்து ஒரு மாசம் வாயே தெறக்கல அது. என்னாத்தயாவது குடுத்து உக்கார வெக்கணுமேன்னு உங்க தாளக் குடுத்து படிக்கச் சொன்னேன். நாலாவது அத்தியாயம் வந்துச்சு. கண்ணாடிய ஒடைச்சான். களுக்குன்னு சிரிச்சுடுச்சு சார். வயித்தப் புடிச்சுக்கினு சிரிக்குது. எனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அந்த ஒரு சிரிப்புக்கோசரம் உங்க கதவு ஒன்ற பக்கத்தையும் மன்னிச்சேன். அன்னிலேருந்து கவுன்சிலிங் முடிஞ்சு நேரா கடைக்குத்தான் வருது. பையத் தூக்கி எறிஞ்சுட்டு, இன்னிக்கு என்னாம்மா பண்றான் நம்ம லூசுன்னு கேக்குது. திட்டிக்கினே படிக்கும், படிச்சு முடிச்சதும் புரூஃப எடுத்து பென்சில்ல கிறுக்கும். அவன ஆசுபத்திரில சேத்த அன்னிக்கு மட்டும் ஒண்ணும் கிறுக்கல. அடுத்தது குடுன்னுச்சு.

சார் இன்னும் எழுதலடின்னு சொல்லிட்டேன்.

ஒம்போது நாளா அதான் சொல்லிக்கினு இருக்கேன். பதினெட்டாவது அத்தியாயம் பூராவும் என் கைப்பைல கெடக்குது. கடைல வெச்சா தேடி எடுத்துடும், வூட்ல வெச்சாலும் எடுத்துடும், கோயிலுக்குப் போனாக்கூட தோள்ல மாட்டிக்கினு சுத்துறேன். நேத்து சாப்புடும்போது சொல்லுது, பொழச்சுக்குவாம்மா அவன், சாரப் பாத்தா நல்லவரா தெரியுது, கொல்ல மாட்டாரு. பொழச்சு வந்தப்பறம் என்னா பண்ணுவான், காலைல எழுந்து எங்க போவான், பழைய பசங்க எதுர்ல வந்தா என்னா பேசுவான், அத சாரு எழுதுறாரான்னு பாக்கணும்னுது. நான் என்னாத்த சொல்றது? அந்த அத்தியாயம் எனுக்கும் தெரியாது சார். பெத்தவ நான், எனுக்கே தெரியல. பயமா இருக்குது. தெனமும் அது படியேறி வர்ற வரைக்கும் பயமா இருக்குது.

இந்தாங்க உங்க தாளு. பதினோரு பக்கம், எண்ணிக்கினாலும் சரி. நீங்க எழுதுனவரு, அடின்னா அடிச்சுத்தான் ஆவணும், அது என் தொழிலு. கோபத்துல மாட்டேன்னுட்டேன், அடிக்கிறேன், மணி என்னா, அஞ்சே முக்கால், ஏழுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன். ஆனா படிச்சுக் காட்டப்போறது அவதான். இங்கயே, நீங்க இந்த நாற்காலில உக்காந்திருக்கும்போதே, மொத வரிலேருந்து கடைசி வரி வரைக்கும் அவ வாயால படிப்பா.

செருப்புச் சத்தம் கேக்குதா? வந்துட்டா.

வாடி. ஆமா, சாருதான், வணக்கம் சொல்லு. ஆமான்டி, கைல வெச்சிருக்காரே, அதான் பதினெட்டு. இரு, அவசரப்படாத, கைய நீட்டாத, பெரியவங்க முன்னாடி. சார், கேக்குறா பாருங்க, குடுக்கறீங்களா?

என்னா சார், பைக்குள்ளாற வெச்சுட்டீங்க?

சரி. சரி சார். பிரஸ்காரனுக்கு நான் பேசிக்கிறேன்.

நான்தான் சொன்னேனேடி, சாரு இன்னும் எழுதி முடிக்கல. உக்காரு, அவருக்கு ஏதோ கேக்கணுமாம் உன்கிட்ட.