ஆற்றுப் படம்

எங்கள் பக்கத்தில் ஆறு இல்லை, ஐயா. உங்களுக்குத் தெரிந்ததுதான். கிணறும் குளமும் மாரிவெள்ளமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் தம்பி தியாகராசா பாரிசிலிருந்து அந்தப் படத்தை அனுப்பியபோது அக்காவுக்கு முதலில் வந்தது தண்ணீரைப் பற்றிய சந்தேகம்.

"உது உப்புத்தண்ணியோ, நல்ல தண்ணியோ?"

"ஆத்துத்தண்ணி உப்பாயிருக்குமோ, அக்கா?"

"நீ குடிச்சுப் பாத்தனியோ?"

யாரோ பிரெஞ்சுக்காரர் நூறு வருடத்துக்கு முன் கீறிய ஓவியத்தின் பிரதியாம். அசையாத ஆறு, அதில் ஒரு சிறு வள்ளம். வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி குடை பிடித்தபடி இருக்கிறாள். ஒருவன் துடுப்பு வலிக்கிறான். கிட்டப் போனால் வெறும் நிறத் தீற்றல்கள், முகம்கூட இல்லை. அக்காவின் கட்டில் கிடந்த தூரத்திலிருந்து பார்த்தால்தான் அது ஆறு. அச்சுவேலியில் கண்ணாடிச் சட்டம் போடுவித்து அவளுடைய கால்மாட்டுச் சுவரில் மாட்டினேன்.

அதற்குச் சற்று முன்னர்தான் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. நாக்கை மட்டும் தொடவில்லை. பார்க்க வருபவர்களிடம் சொல்வாள்:

"உவளைப் பாருங்கோ, ஒரு துரும்பும் அசைக்கிறாளில்லை. அது நான். வலிக்கிறவன் எங்கடை சீவரத்தினம்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா இறந்தபின் எங்கள் இருவரையும் வளர்த்தவள் அவள். அதற்காகக் கலியாணம் கட்டவில்லை. அவளைப் பார்ப்பதற்காக நானும் கட்டவில்லை. அந்தக் கணக்கு நேர். காலையில் துடைப்பேன், திருப்பிக் கிடத்துவேன், கஞ்சி பருக்குவேன். தோட்டத்தில் வாழைக்கு இறைத்துக்கொண்டு நிற்கும்போது கூப்பிடுவாள். வருவேன். பத்து வருடமாகப் படத்தில் அவனும் அதே இடத்தில்தான் வலித்துக்கொண்டிருந்தான். வள்ளம் கரைக்கு வரவில்லை.

ஐப்பசியில் இராணுவம் நீர்வேலிக்கு வந்துவிட்டது. எல்லோரும் தென்மராட்சிக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் உரும்பிராயிலிருந்து நடை, அதோடு மழை. எழும்ப முடியாத ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கிழடுகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள் தங்கியிருக்கிற இந்த மடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் எனக்கு வாகனம் கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்து ஒழுங்கைப் பேதுரு தன் வீட்டு ஆட்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் படலை வாசலில் நிறுத்தினான்.

"அண்ணை, அக்காவைத் தூக்குங்கோ. நடுவிலை இடம் விட்டிருக்கிறன், கிடத்தலாம்."

"அவவை முதலே அனுப்பிப்போட்டன், மச்சாள் வீட்டுக் காரிலை."

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்கள் கெதியா வெளிக்கிடுங்கோ."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். கோபம் இல்லை. அவள் மேல் ஒருநாளும் கோபித்ததில்லை. இடம் இருக்கிறது என்று அவன் சொன்னதும், போகிற இடத்திலும் ஒரு பாய், ஒரு சட்டி, அதே குரல் என்று நினைத்தேன். சரியான களைப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

உள்ளே போனேன். இடக்கைக்கு எட்டுகிற மாதிரி பெரிய செம்பில் தண்ணீர் வைத்தேன். ஒரு சீப்புக் கதலி வைத்தேன். பிறகு சுவரிலிருந்து படத்தைக் கழற்றினேன்.

"ஓம், உதையும் கொண்டு போவம்" என்றாள். அவளுக்குச் சந்தோசம். "கண்ணாடி, கவனம். என்னை எப்ப தூக்கிறாய்?"

"வாறன், அக்கா."

எங்கள் ஆட்கள் வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. 'வாறன்' என்றுதான் சொல்வார்கள். அதைப் பொய் என்று எடுக்க முடியாது. நாய்கள் நுழையாதபடி கதவைப் பூட்டினேன்.

கிரியை தொடங்க நீங்கள் திதி கேட்டீர்கள். காரில் போன அக்கா வழியில் இறந்தாள், நான் பின்னால் வந்து கைதடியில் கொள்ளி வைத்தேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கில்தான் இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நாங்கள் வெளிக்கிட்ட பொழுது பூர்வபக்க அட்டமி. ஆனால் அட்டமியில் அவள் உயிரோடிருந்தாள். நவமியிலும் இருந்திருப்பாள், செம்பு பெரியது. அதற்குப் பிறகு எது என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. தம்பியும் பாரிசில் திவசம் செய்ய வேண்டும். பிழையான திதியில் கொடுத்தால் அவளுக்குப் போய்ச் சேராது என்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள்.

படம் அதோ, சுவரோரம், அவளுடைய போர்வை சுற்றியபடி இருக்கிறது. பேதுரு விட்டிருந்த இடத்தில் கிடத்தித்தான் கொண்டுவந்தேன். வழியெல்லாம் சனநெருக்கம், அவன் பிள்ளைகளைக் கால் படாமல் ஒதுங்கி இருக்கச் சொன்னேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்த பொருள், ஐயா. அதை அங்கே தனியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.