வேகமாக ஏறியதற்குப் பெயில்

நல்லதண்ணியிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில், விளையாட்டு விஞ்ஞானம் படிக்கும் இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"வேகமா ஏறினதுக்கா பெயில் போட்டாங்க?" என்றாள் ஒருத்தி.

"வெள்ளக்காரங்க ஆறு பேர மலைக்குக் கூட்டிட்டுப் போறதுதான்டி செய்முறைப் பரீட்சை. நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க ஏறுற குறுக்குப் பாதையில வேகமா ஏத்திட்டேன். ஒருத்தர் பாதியிலயே வாந்தி."

"செங்குத்தா இருக்குமே, தெரியலயா?"

"எங்க தோட்டத்து லயத்து வீட்டுலருந்து ஸ்கூலுக்குத் தெனம் போன பாதை. அது கஷ்டம்னே எனக்குத் தெரியாதுடி. நாளைக்கு மறுபடி வைக்கிறாங்க. அதுவும் போனா ஒரு வருஷம் போச்சு."

"என்ன செய்யப் போற?"

"எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் ஏறுவாங்க. அவங்கள முன்னால நடக்க விட்டு, எல்லாரையும் பின்னாலயே கூட்டிட்டுப் போகப் போறேன்."

"அப்ப மார்க் அம்மாவுக்கா?"

தோழி சிரித்தாள். பெயிலானவள் சிரிக்காமல் போனை எடுத்தாள்.

"அம்மா, காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிடாதீங்க. எனக்குப் பரீட்சை, நீங்களும் வரணும்."