ஐந்து விலாசங்கள்

எனக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது, மர்லியா பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த காலத்திலேயே அப்படித்தான். சோதனையில் கோட்டைவிட்ட பெட்டையின் முகத்தைப் பார்த்தால் என் சிவப்புப் பேனை தானாக நாற்பது மார்க் போட்டுவிடும். அதிபர் கூப்பிட்டு வைத்து ஏசுவார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

நேற்று வெள்ளவத்தையில் என் அறைக்கே வந்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். கூடவே ஐந்து பெண்களின் விலாசமும் கேட்டீர்கள். இனிப் பிள்ளை பெற்றால் உயிருக்கே ஆபத்து என்பதை அவர்களிடம் உடனே போய்ச் சொல்லவேண்டும் என்றீர்கள். உங்கள் அவசரம் விளங்குகிறது. கிளினிக் புத்தகத்தில் உள்ள விலாசங்கள் ஒன்றுக்கும் உதவாது. இன்றைக்கு ஒரு லொட்ஜ், அடுத்த மாதம் இன்னொரு லொட்ஜ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொலிஸ் பதிவு என்று ஓடித்திரிகிற, யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த சனம். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இந்தக் கொழும்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதும்போதே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது, கோபிக்காதீர்கள்.

நீங்கள் டொக்டராக எங்கள் கிளினிக்கிற்கு வந்து மூன்று மாதம்தான். நான் அது தொடங்கிய தொண்ணூற்றாறிலிருந்து இருக்கிறேன். பேராசிரியருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வடக்கிலிருந்து வந்த பெண்களுக்கு ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் தெரியாது. நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, மொழிபெயர்ப்பதற்கு என்னை இருத்தினார்கள். பிள்ளைப்பேற்றோடு இதயத் தசை தளர்ந்துபோகிற நோயைப் பற்றிய ஆராய்ச்சி அது. நேற்றுவரை குடத்தில் தண்ணீர் தூக்கியவள், பிள்ளை பெற்ற பத்தாம் நாள் படுத்து மூச்சுவிட முடியாமல் தலையணைக்கு மேல் தலையணை கேட்பாள். ஏன் என்று உலகத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஐயோ பிள்ளை, அதைக் கேட்டதும் எனக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. மூன்று பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு மூலையில் குந்தியிருந்த ஐம்பத்துநாலு வயதுக்காரி, உலகத்துக்கே தெரியாத ஒன்றைத் தேடுகிற கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டேன். நூறாம் நம்பர் பஸ்ஸுக்குள் தனியே சிரித்துக்கொண்டு போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி இருப்பார்கள்.

பேராசிரியர் எக்கோ எடுப்பார். இதயம் ஒருதரம் சுருங்கும்போது உள்ளே இருக்கிற இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார். சுகமான நெஞ்சுக்கு அறுபது அளவில் இருக்கும். ஒவ்வொரு பெண்ணின் அளவையும் வரைதாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிய வேலை. ஒருநாள் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகையில் சென்ரியில் ஆமிக்காரன் விரித்துப் பார்த்து, ஏதோ வரைபடம் என்று முகம் கறுத்து, “மே மொக்கத்த?”, இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டான். “ஹதவத, மஹத்தயா,” என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். இதயம் என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் காலி வீதியில் நின்று சிரித்தோம்.

இனி ஐறீனுக்கு வருகிறேன். பாசையூர்ப் பெட்டை, இருபத்துநாலு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பலகை அறையில் புருஷன் யூட்டோடு இருந்தாள். முதல் பெடியன் பிறந்து பன்னிரண்டாம் நாள் எங்களிடம் வந்தபோது அவளுடைய அளவு இருபத்தெட்டு. மருந்தும் ஓய்வும் கொடுத்து ஒரு வருடத்தில் ஐம்பத்திரண்டுக்கு ஏற்றிவிட்டோம். அவ்வளவு வடிவாக ஏறிய கோடு வேறில்லை. அன்றைக்குப் பேராசிரியர் எக்கோவைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார்: இவள் இனிக் கர்ப்பமாகக் கூடாது, இந்த இதயம் இன்னொரு பிள்ளையைத் தாங்காமல் போகலாம், இவள் சாகலாம், தெளிவாகச் சொல்லுங்கள்.

“என்னவாம் ரீச்சர்?” என்றாள் ஐறீன்.

“நல்லாச் சுகம் வந்திட்டுதாம் பிள்ளை.”

“அப்ப இன்னொண்டு பெறலாமோ? யூட்டுக்குப் பெட்டைப்பிள்ளை வேணுமாம். ஒரே ஆய்க்கினை.”

“ஒரு ஆறேழு மாதம் பொறுத்துப் பெறலாமாம்.”

துள்ளி எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தாள். தலையில் நல்லெண்ணெய் மணம். எவ்வளவு தைரியமாக ஏற்றுக்கொள்கிறாள் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் வியந்தார். நான் தலையாட்டினேன்.

இரக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடும். கனநாள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முந்திய கிழமை பேராசிரியர் என் வரைதாளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். எல்லாக் கோடும் ஒரு வருடத்தோடு நின்றுவிடுகிறதே என்றார். தேறிய இதயம் இன்னொரு கர்ப்பத்தில் எந்த மாதத்தில் தளர்கிறது, எவ்வளவு தளர்கிறது என்று தெரிந்தால் எத்தனை தாய்மாரைக் காப்பாற்றலாம், ஆனால் எந்தப் பெண்ணிடமும் அதைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது என்றார். பெருமூச்சு விட்டு ஆராய்ச்சிக் கோவையை மூடினார். நல்ல மனிசன். நான் வீடுவரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போனேன். கேட்கத்தானே கூடாது. நான் ஒருத்தியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் அப்படிச் செய்யவுமில்லை. தமிழ்ப் பெண்கள் பதினொரு பேர். ஐந்து பேருக்குப் பேராசிரியர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். ஒருத்தி மேசையில் தலையை அடித்து அழுதாள். அவர்களுடைய இதயம் தேறவேயில்லை, கோடு தரையோடு கிடந்தது. அவர்களால் புதிதாக அறிய ஒன்றுமில்லை. ஐறீனோடு சேர்த்துத் தேறிய ஆறு பேருக்கும்தான் நல்ல செய்தி சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, ஐறீன் தொதல் இனிப்போடு வந்தாள். இரண்டு மாதமாம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். தொதலை வாயில் போட்டுக்கொண்டு கொரிடோரில் ஒரு சுற்று ஆடியே விட்டேன். பேராசிரியர்தான் இடிந்துபோய் இருந்தார். சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் சேர், கேட்டால்தானே என்றேன். தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கருவைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது, அதையாவது விளங்கப்படுத்துங்கள் என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

“என்னவாம் ரீச்சர்?”

“இரும்புக் குளிசையை விடாமல் போடட்டாம்.”

“போடுறனான்தானே,” என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

பிறகு ஒவ்வொரு மாதமும் நானே கொட்டாஞ்சேனைக்குப் போய், திரீவீலரில் அவளைக் கூட்டி வந்தேன். றோட்டில் கிடங்கு பள்ளம் வந்தால் மெல்லப் போகச் சொல்லுவேன். என் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தேழு. ஐந்தாம் மாதம் நாற்பத்தொன்று. ஆறாம் மாதம் முப்பத்திமூன்று. ஏழாம் மாதம் வார்ட்டில் ஏற்றிய அன்று இருபத்திரண்டு. ஐந்தாம் மாதத்தில் கோடு மடங்குகிற இடம் இருக்கிறதே, பிள்ளை, அதை முதன்முதலாகக் கண்டது நான். பேராசிரியருக்கும் முதல் நான். அன்று இரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு புளுகம்.

கடைசி நாள் உங்களுக்குத் தெரியும், நீங்களும் நின்றீர்கள். அவள் கட்டிலில் நிமிர்ந்து இருந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைத் தேடினாள். செய்யக்கூடியது இனி ஒன்றுமில்லை, பின்னேரம் தாண்டாது, புருஷனை உள்ளே விடுங்கள் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் அப்போது ஒக்சிஜனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“என்னவாம்... ரீச்சர்?”

“பெட்டைப்பிள்ளையாம்.”

சிரித்தாள், பிள்ளை. அந்த நிலையிலும் சிரித்தாள். பெட்டையா பெடியனா என்று எனக்குத் தெரியாது. பிள்ளையும் தங்கவில்லை.

வெளியே யூட் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “பெறலாமெண்டு ரீச்சர்தானே சொன்னவா, டொக்டர்,” என்று அழுதான். நீங்கள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். “ரீச்சர், நீங்க இவங்களுக்கு என்ன சொன்னீங்க?” என்று கேட்டீர்கள். இவ்வளவு காலத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. நீங்கள் வரும்வரைக்கும் பக்கத்திலிருந்து கேட்டு விளங்க ஒருவருக்கும் தமிழ் தெரியாதே.

ஆக, ஐறீனை நான்தான் கொன்றேன் என்று எழுதவேண்டும் என்றால் எழுதுகிறேன். இதோ எழுதிவிட்டேன். எழுத்து நடுங்கவில்லை, பாருங்கள். ஆனால் அவளுடைய கோட்டைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பின்னால் வரப்போகிற எத்தனையோ பெண்களுக்கு அது உதவும். என் பெயர் அதில் வரத் தேவையில்லை. வந்தால் பாலேஸ்வரி என்று கடைசியில் சின்னதாகப் போட்டால் போதும்.

நாலு விலாசங்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் வெள்ளவத்தையில், ஒருத்தி களனியில், ஒருத்தி கொட்டாஞ்சேனையில். நால்வருக்கும் இன்னும் கரு ஒன்றும் தங்கவில்லை. இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், எனக்கும் ஆறுதல்.

ஐந்தாவது சுகந்தினி. அவளுக்கு இப்போது நாலு மாதம். தனியொரு கோட்டை வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, அது தற்செயல் என்று விடுவார்கள் என்று பேராசிரியரே சொல்லியிருக்கிறார். இரண்டு கோடும் ஒரே இடத்தில் மடங்கினால்தான் பேச்சு. போன கிழமை நானே அவளை வேறு லொட்ஜுக்கு மாற்றி, பொலிஸ் பதிவும் செய்து கொடுத்தேன். மாதாமாதம் வெளியே ஒரு இடத்தில் காசு கட்டி எக்கோ எடுப்பித்து, நானே புள்ளி வைக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், இரவில் ஒரு தலையணை கூடுதலாகக் கேட்கிறாள், பிள்ளைக்குப் பெயர் தேடுகிறாள். கார்த்திகையில் அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் நானே கிளினிக்கிற்குக் கூட்டி வருகிறேன். எக்கோ மெசினை ஆயத்தமாக வைத்திருங்கள். சொல்லவேண்டியதை அன்றைக்கு நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள், பிள்ளை. எனக்குத்தான் கெட்ட செய்தி சொல்ல வராதே.