லூமிஸ் எந்திரிக்காத தனி

...திருட்டுப்பய! தெருவுக்கே அவன் பேரை வைக்கிறாங்களாம்! உக்காருங்க தம்பி, வேற நாற்காலி கெடைக்காது. கன்சாஸ் சிட்டி மொத்தமும் விழாவுக்குன்னு வந்து இந்தச் சாப்பாட்டுக் கடையிலதான் சுட்ட விலா எலும்பு கடிச்சுக்கிட்டிருக்கு.

டீக்கன் பிளங்கெட்டைத் தெரியுமில்ல? சர்ச் வாசலை மிதிக்காதவனுக்கு டீக்கன்னு பட்டப்பேரு! அவனோட ஜாஸ் பேண்டுல பதினோரு வருஷம் மூணாவது டிரம்பெட் நான். லூமிஸ். தெரியாதா? எப்படித் தெரியும்! தெரியவிட்டானா அவன்?

ரெண்டு மணிக்குத் தெருவுல அவன் பேர்ப்பலகையைத் திறக்கிறாங்க. ரெக்கார்டுல அவன் ஒத்தையா ஊதுன அந்தத் தனி இருக்கே, ஊரே சீட்டியடிக்குமே, அதை நான் ஊதணுமாம். என் தனி தம்பி அது! எனக்குன்னு எழுதுனது. முப்பத்தெட்டு வருஷமா காத்துக்கெடக்கேன்... அந்த மொளகா சாஸை இப்படித் தள்ளுங்க.

கெட்டவன்னு சொல்லல. தெற்கே போனா கறுப்பனுங்கன்னு எந்த ஓட்டல்லயும் எங்களுக்கு அறை தரமாட்டாங்க, பஸ்ஸுலதான் படுக்கை. கால் நீளம்னு பின்சீட்டு முழுக்க எனக்கு விட்டுட்டு, முதலாளி அவன் முன்சீட்டுல மடங்கிக் கெடப்பான். ஆனா குறட்டை! டிரம்பெட்டைவிட நல்லா ஊதுவான் அதுல!

ரெக்கார்டு அன்னைக்கு என்னாச்சுங்கிறீங்களா? மெழுகுத் தட்டுல பதியுற காலம், பாதியில நிறுத்துனா தட்டு பாழ். தனி வாசிக்கிறவன் எந்திரிச்சு நிக்கணும், அதான் பழக்கம். 'எந்திரிடா லூமிஸ்'னு கண்ணாலயே சொல்றான் டீக்கன். நான்... எந்திரிக்கல.

ஏன்னா கேக்குறீங்க? அது வந்து... மத்தியானச் சாப்பாடு தம்பி. இதே விலா, இதே சாஸு. உதடு தக்காளியாட்டம் உப்பிக்கிச்சு. ஊதுனா வெறுங்காத்து!

ஒரு நொடி முழிச்சான். அப்புறம் அவனே எடுத்து ஊதிட்டான். சாகுறவரைக்கும் ஒருத்தர்கிட்டகூட மூச்சு விடல. யாரு கேட்டாலும், 'ஆமா, லூமிஸ்கிட்ட பிடுங்கிக்கிட்டேன்'னு சிரிப்பான். நானும் ஊரெல்லாம் அப்படித்தான்... ம்... சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

இன்னைக்கு விடமாட்டேன்! மணி என்ன, ஒன்றரையா? ஏன் தம்பி, என் வாயையே பாக்குறீங்க? உதட்டுல எதாச்சும்... ஐயையோ! இந்தச் சாஸ் பாட்டிலை யாரு காலி பண்ணுனது? நானா? ஐஸ்! யாராச்சும் ஐஸ் கொண்டாங்களேன்! தம்பி, எங்க ஓடுறீங்க?

அடக் கடவுளே... எனக்குப் பதிலா ஊத அந்தத் திருட்டுப்பயலும் இல்லையே இப்ப!