தராசுக் கோட்டை

அண்ணன் காலை பதினோரு மணிக்குத்தான் விளையாட உட்காருவான். அதற்குள் குளித்து, மாத்திரை போட்டு, தையல் பிரித்த இடத்தில் முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிடுவான். நான் டிவியைப் போட்டு, கன்ட்ரோலரின் வயரைச் சிக்கெடுத்து அவன் கையில் கொடுப்பேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவேன். பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "கொடுத்து வெச்சவர் நீங்க, இப்படியொரு தங்கச்சி" என்றாள்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குழம்புக்கு உப்புப் போட மறந்துடுவா. மத்தபடி பரவாயில்லை."

நான் எதையும் மறப்பதில்லை.

விளையாடச் சொன்னது டாக்டர். அண்ணன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை எடுத்து, பிழைத்து வந்திருந்தான். கல்யாணம் ஆகாதவன். என்னை விட்டால் ஆளில்லை. அதனால் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். "ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருங்க. நேத்து எங்க விட்டோம், இன்னைக்கு எங்க ஆரம்பிக்கணும், அந்த மாதிரி ஏதாவது" என்றார் டாக்டர். சில மாதம் பார்த்துவிட்டு அவர் சரி என்று சொன்னால் அண்ணன் மறுபடி கிரேன் ஏறலாம். சரக்கு யார்டில் இருப்பதிலேயே உயரமான கிரேன் அவனுடையது. அதைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. எதுவும் வேண்டியதும் இல்லை.

பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன். அது என் கணவருடையது. எனக்குக் கல்யாணமாகும் முன் அவரும் அண்ணனும் ஒரே அறையில் தங்கி ஒரே யார்டில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் மேலே கிரேனில் இருப்பான். அவர் கீழே நின்று கையால் சைகை காட்டுவார். லீவு நாட்களில் இருவரும் இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, கன்ட்ரோலருக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருப்பார்களாம்.

ஒரு வாள்வீரன், ஒரு வைத்தியக்காரி, ஒரு திருடன். மூவரும் ஊர் ஊராக நடந்து, பூதங்களோடு முறை வைத்துச் சண்டை போட்டு, நிலவறைகளுக்குள் இறங்குவார்கள். அவ்வளவுதான் ஆட்டம். பெயர்களை நாமே வைக்கலாம். வாள்வீரனுக்கு அண்ணன் 'மாப்ளே' என்று வைத்தான். என் கணவரை அப்படித்தான் கூப்பிடுவான். வைத்தியக்காரிக்கு 'குட்டி'. அது நான்.

"திருடனுக்கு?" என்றேன்.

"அது நான்தான். வேற யாரு இருக்கா?" என்று சிரித்தான்.

ஆட்டத்தின் நடுவில் தராசுக் கோட்டை என்று ஒரு நிலவறை வரும். அறைக்கு அறை பெரிய தராசு. ஒரு தட்டில் கல்லையோ சிலையையோ ஏற்றினால் மறு தட்டு எழும்பும். எங்கோ ஒரு கதவு திறக்கும். எடை தப்பினால் தரையே கீழே போய்விடும், முதலிலிருந்து ஏற வேண்டும். மற்றவர்கள் இங்கே வந்து தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அண்ணன் வாழ்நாள் முழுக்க எடை தூக்கியவன். கல்லைப் பார்த்ததுமே, "இது தாங்காது. அந்த யானைச் சிலையைத் தள்ளு" என்பான், நான் எழுந்து போய்த் தள்ளப்போவது போல.

முதல் வாரத்திலேயே கதவு கதவாகத் திறந்துகொண்டு போனான். எந்த அறையில் எந்தக் கல்லை விட்டுவந்தோம் என்பது வரை சொன்னான். டாக்டர் சொன்னது சரி. அவன் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அது உறுதியான அன்றுதான் நான் முடிவு செய்தேன்.

என் கணவர் எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டு இரும்புக் குழாய் அந்தரத்தில் ஆடி வந்து அவரை லாரியோடு சேர்த்து நசுக்கியது. மேலே இருந்தவன் அண்ணன். கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து என்று அர்த்தம். விசாரணையில் அண்ணன் ஒரே வாக்கியம்தான் சொன்னான். "மாப்பிள்ளை கை காட்டலை." எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சைகை காட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று திரும்பி வந்து பார்க்கிற மனிதர் அவர். இப்போது யார்டில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் பாடமே அவருடைய சாவுதான். கவனம் பிசகினால் இப்படித்தான் என்று சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். படத்தில் அவருக்கு முகம் கிடையாது. தலைக்கவசம் மட்டும் இருக்கிறது.

அண்ணன் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொன்னான் என்று நான் புரிந்துகொண்டேன். சொல்லும்போது அவன் குரலில் இருந்த நிச்சயம் என் காதிலேயே இருந்தது. அந்த நிச்சயத்தை அவனிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். விஷம் வைப்பது, தள்ளிவிடுவது, அந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்கு வந்ததே இல்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

செய்தது இவ்வளவுதான். ஆட்டத்தை எங்கே நிறுத்தினோம் என்பது ஒரு சின்ன மெமரி கார்டில் பதிவாகும். பெட்டியில் இரண்டு கார்டுகள் செருகலாம். இன்னொரு கார்டில் பழைய நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணன் தூங்குவான். அப்போது அந்தப் பழைய நிலையை அவன் கார்டுக்கு மாற்றுவேன். இப்போதுள்ள பதிவு அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்கும். கேட்பது நல்ல பழக்கம். சம்மதம் என்று அழுத்துவேன்.

மறுநாள் அவன் திறந்த கதவு மூடியிருக்கும்.

"இதை நேத்தே முடிச்சேனே" என்றான் முதல் தடவை.

"முடிச்சியா?" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

சேவ் பண்ணாமல் விட்டிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி திறந்தான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவான். "குட்டி, பார்த்துக்கோ. சேவ் பண்ணிட்டேன்." நான் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

தினமும் செய்தால் சந்தேகம் வரும். அதனால் சில நாட்கள் விட்டுவிடுவேன். ஒழுங்காக முன்னேறுவான், சாப்பிடும்போது பாட்டு முணுமுணுப்பான். பிறகு ஒரு நாள் கதவு மூடியிருக்கும். கார்டு கெட்டுப்போய்விட்டது என்றான். நியாயமான சந்தேகம். நானே அவனைப் பழைய சாமான் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி இருக்கு சார். இன்னமும் இதை விளையாடறீங்கன்னா, உங்களைத்தான் செக் பண்ணணும்" என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனாலும் வேறொரு கார்டு வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அவன் முகம் தெளிந்தது. அதன் பிறகு செய்தேன்.

அன்று வெகுநேரம் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து இதைத் திறந்தேன்தானே?"

"எனக்கு இந்த ஆட்டமெல்லாம் என்ன புரியுது, அண்ணா."

மற்றவை தானாக வந்தன. மாத்திரை போட்டேனா, குழாயை மூடினேனா, இன்று என்ன கிழமை. இவற்றில் நான் கை வைக்கவே இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். 'போட்டாச்சு அண்ணா' என்று நான் சொன்னால், பாவம் பார்த்துச் சொல்கிறேனோ என்று என் முகத்தைத் தேடுவான்.

டாக்டர் என்னிடம்தான் கேட்டார், வீட்டில் எப்படி என்று. திறந்தேன் என்கிறான், போய்ப் பார்த்தால் மூடியிருக்கிறது என்றேன். சோதனையில் ஒன்றும் தெரியவில்லையே என்று அவர் யோசித்தார். அண்ணனே குறுக்கிட்டான். "அவ சொல்றது சரிதான், டாக்டர்."

யார்டிலிருந்து சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். "சின்ன கிரேன்லயாவது வந்து உட்காருங்க அண்ணே. நீங்க இல்லாம பசங்க லோடை ஊஞ்சல் ஆட்டறானுங்க." அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "வேணாம். நான் ஏறினா யாராவது செத்துடுவாங்க."

அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அதோடு விட மனம் வரவில்லை. எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம். அவ்வப்போது, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பேன். அன்று அவர் கை காட்டினாரா? முதலில், "இல்லைம்மா" என்றான். சில வாரம் கழித்து, "இல்லைன்னுதான் ஞாபகம்." பிறகு, "தெரியலை குட்டி. என்னைப் போய்க் கேக்கறியே." ஒரு கதவு அசைந்து கொடுப்பதைப் பார்ப்பதில் என்ன சுகம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கோட்டையின் கடைசி அறையில் கல்லும் இல்லை, சிலையும் இல்லை. மூவரில் ஒருவரைத் தட்டில் நிறுத்தி அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வாள்வீரன் 'மாப்ளே'யின் எடைக்குத்தான் கதவு திறக்கும். அண்ணனுக்கு அது தெரியும். ஆனாலும் திருடனையே திரும்பத் திரும்ப ஏற்றிக் கீழே விழுந்துகொண்டிருந்தான். குற்ற உணர்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். போன வாரம் அந்த அறையில் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"நான் எழுதிக் கொடுத்துடறேன், குட்டி. மாப்பிள்ளை கை காட்டினான், நான்தான் பார்க்கலைன்னு. நீயே யார்டுக்குக் கொண்டு போ. அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லு."

நான் கத்தியைத் தட்டில் வைத்தேன். இதற்காகத்தான் இத்தனையும்.

அவன் முடிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் இடிக்குது. அவன் கை காதுல இருந்துச்சு. சிரிச்சுப் பேசிட்டிருந்தான். நான் இறங்கி ஓடி வந்து முதல்ல எடுத்தது அந்த ஃபோனைத்தான். உன் பேரு தெரிஞ்சுது. 'ஹலோ, ஹலோ'ன்னு நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்த. கட் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா நீ உயிரோட இருக்க மாட்டேன்னு நினைச்சேன். அதை ஆத்துல வீசின மாதிரி ஞாபகம். வீசினேனா?" என்று தலையைத் தேய்த்துக்கொண்டான்.

என் கணவரின் செருப்பு, கடிகாரம், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு பையில் போட்டு யார்டிலிருந்து கொடுத்தார்கள். அதில் ஃபோன் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஞாபகம் பிசகியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவும் நானா கட்டிக்கிட்ட கதையா? நீ என்ன சொன்னாலும் நம்பிடறேன். அன்னைக்கு அவனுக்கு நீ ஃபோன் பண்ணியா, குட்டி?"