ஐந்து ராஜ்ஜியமும் ஒரு கேட்டும்

பிச்சாட்டூரில் பஸ் ஏறிய பெண், காளான் பாக்கெட்டுகள் நிறைந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "காளான் செடியே இல்லயாம், தெரியுமா?"

நான் பின் சீட்டில் இருந்தேன்.

"இன்னாக்கா சொல்ற? கீரை மாதிரி மொளைக்கிதே?"

"எம் பொண்ணு பாடத்துல கீது. உசுருள்ளத எல்லாம் அஞ்சு ராஜ்ஜியமாப் பிரிச்சி வச்சிக்கிறாங்களாம். செடிக்கு ஒண்ணு, ஜந்துக்கு ஒண்ணு, காளானுக்குத் தனியா ஒண்ணு. அதுவும் செடிய விட ஜந்துக்குத்தான் கிட்டத்துச் சொந்தமாம்."

"ஐயய்யோ! நீ தெனம் குடுக்கற அந்த வூட்ல முட்டைகூட சேக்க மாட்டாங்களே!"

"நேத்து குடுக்கப் போன எம் பொண்ணு அங்கயே அதச் சொல்லிட்டா. பாக்கெட்டக் குடுத்துட்டு, கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு."

"அந்தம்மா இன்னா சொல்லிச்சு?"

"சிரிச்சாங்களாம். 'மஞ்சத் தண்ணில அலசிட்டா எல்லாம் சுத்தம்தான்'னு சொல்லி, காளான உள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க. இவ குடிக்கத் தண்ணி கேட்டிருக்கா. கேட்டத் தொறக்கல. உள்ள நின்னுக்கினே, மேலருந்து இவ கையில ஊத்தினாங்களாம்."

கூடைக்காரி ஒரு காளான் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஜந்துக்குச் சொந்தக்காரன் அவங்க அடுப்பு வரைக்கும் போறான். மனுசிக்குப் பொறந்தவ கேட்டாண்ட நிக்கிறா. இத எந்தப் பாடத்துல போடுவாங்க?"

"இதுக்கப்புறமும் அங்க குடுக்கறியா, அக்கா?"

நாகலாபுரம் வந்துவிட்டது. பாக்கெட்டுகள் நசுங்காதபடி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"இப்ப அங்கதான் போறேன்."