நரிப் பல்லில் சிக்கிய நூல்

— கத்தாதேலே மாரிக்கண்ணா! உள்ள அது இப்பத்தான் கண்ணசந்திருக்கு. வாய் கிழிஞ்ச ஜீவனுக்குக் காதும் கிழியணுமாக்கும்?

— நான் கத்தலக்கா, கெஞ்சுதேன். நான் சொல்லுதத மட்டும் கேளு. ஒரு சாக்கு குடு. அந்த நரியக் கட்டித் தூக்கி ஓடைக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துருதேன்.

— விட்டுட்டு வருவியா? நாக்குல பாதி இல்ல, தொண்டையில தண்ணி எறங்கல. அங்கன கொண்டு போட்டா காக்கா உசுரோட கொத்தும்லே. விடுதேன்னு சொல்லாத. கொல்லுதேன்னு சொல்லு, அக்காவுக்குச் சட்டுன்னு புரியும்.

— ஊர்ல என்ன பேசுதாகன்னு தெரியுமா உனக்கு? பஞ்சம்மா வீட்டுல நரி குடும்பம் நடத்துதுன்னு டீக்கடையில உக்காந்து சிரிக்காக. எனக்குத்தான் தலைகுனிவா இருக்கு.

— சிரிக்கட்டுமே. நரி மொகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்பாகள்ல? முந்தாநாள்லேருந்து நான் அது மொகத்துலதான் முழிக்கேன். என்ன அதிர்ஷ்டம் வந்துச்சு? நீதான் வந்திருக்க.

— வெளையாடாதக்கா. காட்டு மிருகத்த வீட்டுல வச்சிருந்தா கேசு. பாரஸ்டுக்காரன் வந்தா உன்னயத்தான் மொதல்ல ஜீப்புல ஏத்துவான்.

— ஏத்த மாட்டாக. சேதி சொல்லியாச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்ரீமதிதான் போன்ல பேசுனாக. இன்னைக்குச் சாயங்காலம் கூண்டோட வாராக.

— சொல்லிட்டியா? என்னய ஒரு வார்த்த கேக்காமயா?

— உன்னய எதுக்குலே கேக்கணும்? நீ என்ன நரிக்கு மாமனா மச்சானா? அந்த டாக்டரம்மாவ நெனச்சுப் பாரு. ஞாயித்துக்கிழம. வீட்டுல தங்கச்சிக்கு வளைகாப்பு. பட்டுச்சேலை கட்டி நின்ன பொம்பள, அப்படியே திருத்தங்கல்லேருந்து ஸ்கூட்டிய எடுத்துட்டு வந்துட்டாக. இந்தா, இந்த மண்தரையில முட்டி போட்டு உக்காந்துதான் தையல் போட்டாக. மயக்க ஊசி பத்தாம அது கையப் பிராண்டி எடுத்துருச்சு. கையில ரத்தம் ஒழுகுது, ‘ஒண்ணுமில்ல தங்கம், ஒண்ணுமில்ல’ன்னு அவுக நரியத் தேத்துதாக! அப்படியும் மனுசங்க இருக்காக. கோழிக்கொடலுக்குள்ள வெடியச் சுருட்டி வைக்கிற மனுசனும் இருக்கான்.

— நரிக்குன்னு யாரும் வைக்கலக்கா. காட்டுப்பன்னிக்கு வச்சது. எம். புதுப்பட்டிக்கு மேக்க மக்காச்சோளம் போட்டவன் ஒவ்வொருத்தனையும் கேட்டுப் பாரு. கூட்டமா வந்து உழுது தள்ளிட்டுப் போகுது. கதிரு மட்டுமில்ல, தட்டையக்கூட மிச்சம் வைக்கல. பன்னி கடிச்சிருந்தா நீயே சட்டியத் தூக்கிட்டுக் கறிக்கு வந்து நின்னுருப்ப. வெதச்சவன் வயித்தெரிச்சல் உனக்கு என்ன தெரியும்?

— எரிச்சலப் பத்தி எனக்குச் சொல்லுதியா? எனக்கு? வெடிக் கம்பெனி ரூம்பு வெடிச்சு மேலு பூரா வெந்து, மதுர ஆஸ்பத்திரியில வாழ எலையில கெடந்தவ நான். பெத்த அம்மாவே பாக்கப் பயந்து வெளிய நின்னு அழுதா. நீ வாசலோட போயிட்ட. பக்கத்துக் கட்டிலுக்குத் தொணைக்கு வந்த ஒரு பொம்பளதாம்லே பஞ்ச நனச்சு நனச்சு என் வாயில தண்ணி விட்டா. எந்த ஊருக்காரியோ, என்ன ஆளுகளோ. நான் பேரக்கூடக் கேக்கல. இறக்க வெந்த கருடனையும், கால் ஒடிஞ்ச மயிலையும் இந்த வீட்டுக்குள்ள தூக்கிட்டு வாரேன்னா, அவ விட்ட தண்ணிக்குத்தான்.

— சரி சரி. பழசப் பேசி என்னய மடக்காத.

— பழசு வேண்டாம். இதப் பாரு, புதுசு. சுத்து குலையாம நரிப் பல்லுக்கு நடுவுல சிக்கிக் கெடந்துச்சு. டாக்டரம்மா இடுக்கியால எடுத்துக் குடுத்தாக.

— என்ன, நூலு.

— கையில வாங்கிப் பாருலே. ஏன் கைய இழுக்க? நரி மாதிரி அதுவுமா கடிக்கும்?

— அணுகுண்டு வெடிக்குச் சுத்துற நூலு. எல்லாக் கம்பெனியிலயும் கெடக்கு.

— நூலு எல்லாக் கம்பெனியிலயும் கெடக்கும். சுத்து? பன்னிக்கு வைக்கிற வெடிய எவனாச்சும் இம்புட்டு நெருக்கமா, பிசிறு இல்லாம சுத்துவானா? ஏனோதானோன்னு நாலு சுத்து சுத்தி முடிஞ்சா போதும். இது கம்பெனியில சுத்திச் சுத்திப் பழகுன கை. போர்மேன் தலைக்கு மேல நிக்கிறான்னு நெனச்சே சுத்தியிருக்கு.

— ஊர்ல பொம்பளைக அம்புட்டுப் பேரும் வெடி சுத்துறவகதான். அந்த வெள்ளைத்துரை பொண்டாட்டி சுத்துறா. அவனும் சோளந்தான் போட்டிருக்கான். போயி அவனக் கேளு.

— வெள்ளைத்துரை தலையில கட்டாதலே! அம்புட்டுப் பேரும் சோத்துக்கையால சுத்துறவக. இந்தச் சுத்து எதிர்ப்பக்கமா ஓடுது பாரு. நொட்டாங்கைச் சுத்து. நொட்டாங்கையால சுத்துறவ இந்த ஊர்ல ஒருத்திதான். உன் பொண்டாட்டி சுப்புத்தாய். அவளுக்குச் சுத்தப் படிச்சுக் குடுத்தவளே நான்தான்.

— அந்த நூல இங்க குடுக்கா.

— கைய நீட்டாத, வாயத் தொற. நரிக்குத்தான் வாய் போச்சு. உனக்கு என்ன கேடு?

— கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுற வெடின்னு சொன்னேன். அவளும் நம்பிச் சுத்திக் குடுத்தா. சாமி சத்தியமா அவளுக்கு வேற எதுவும் தெரியாதுக்கா.

— சாமியப் பேசாத, நாறுது. கம்பெனி வெடிமருந்தத் திருடி வீட்டுக்குள்ள கொண்டாந்து, வயித்துப் புள்ளக்காரி மடியில வச்சுச் சுத்தச் சொல்லியிருக்க! ஒரு பொறி பட்டிருந்தா? அவள அள்ளக்கூட முடியாதுலே. வெந்தா எப்படி இருக்கும்னு உன் அக்கா மேலுல பாத்தவந்தான நீ?

— அந்த நூல அடுப்புல போட்டுருக்கா. கால்ல விழுதேன்.

— விழு. எந்திரிச்சு, மிச்ச வெடிய எங்கெங்க வச்சிருக்கன்னு சொல்லு. ஓடக்கரையில ஆடு பத்துதாக, வெறகு பொறக்குதாக. ஒரு புள்ள வெடி உருண்டையப் பாத்து வெளையாட்டுக்கு எடுத்தா என்ன செய்வ?

— வரப்போரமா ரெண்டு இருக்கு. இப்பவே போயி எடுத்துருதேன்.

— நீ தொடாத. இடத்தக் காட்டு, பாரஸ்டுக்காரவுக ஆள வச்சு எடுக்கட்டும். காட்டிட்டு, ‘வச்சவன் நான்தான்’னு அவுக கிட்ட நீயே சொல்லு. தப்புப் பண்ணிட்டேன்னு தலையக் குனிஞ்சு நில்லு. நானும் உன் பக்கத்துல வந்து நிக்கேன்.

— என்னால முடியாதுக்கா. கம்பெனி வேலை போயிரும். உள்ள தூக்கி வச்சிருவான். ஒரு நரிக்காகக் கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுப்பியா நீ?

— நான் காட்டிக் குடுக்கல. உன்னயச் சொல்லச் சொல்லுதேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலயா?

— பொறுக்கா, பொறு. நான் சொல்லுததக் கேளு. சுத்து அவ சுத்துதான? அப்ப வச்சதும் அவதான்னு சொல்லிருவோம். புள்ளத்தாச்சிய எவனும் தொட மாட்டான். சத்தம் போட்டு விட்டுருவான். எல்லாம் சுளுவா முடிஞ்சிரும்.

— என்ன சொன்ன? எனக்குச் சரியாக் கேக்கல. நல்லா உரக்கச் சொல்லு.

— வச்சது சுப்புத்தாய்தான்னு சொல்லிருவோம்னேன். அவ காலையிலயே வேனுல கம்பெனிக்குப் போயிட்டா. வந்ததும் நான் பேசிக்கிடுதேன். என் பேச்சத் தட்ட மாட்டா.

— நான் வேனுல போகல மச்சான், உள்ளதான் நரித் தலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஓடையில கெடந்தத அள்ளிட்டு வந்ததும் நான்தான், அது வாயில என் சுத்தப் பாத்துட்டு, ‘வெடி சுத்துனதும் நான், வச்சதும் நான், பாரஸ்டுக்குச் சொல்லிருங்க’ன்னு டாக்டரம்மா கிட்டச் சொன்னதும் நான்தான், மதினி, அவுக சாயங்காலம் வரட்டும், பாதி பொய்யின்னு நானே சொல்லிக்கிடுதேன்.